ஒரு கோடிக்குப் பாதி வழி எங்கே இருக்கு? 70-வது மாசம் எஸ்ஐபி-யை உடைக்கப் போன தம்பிக்குப் போட்டுக் காட்டின கணக்கு



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போன். என்கூட பழைய ஆபீஸ்ல வேலை பார்த்த தம்பி ஒருத்தர். ரொம்ப நாள் கழிச்சுக் கூப்பிடுறார்னு எடுத்தா, நலம் விசாரிப்பு ரெண்டே வரியில முடிஞ்சுது. நேரா விஷயத்துக்கு வந்துட்டார்.

"அண்ணா, நீங்க சொன்னீங்கன்னுதான் 23 வயசுல எஸ்ஐபி ஆரம்பிச்சேன். அஞ்சு வருஷம் பத்து மாசமா, ஒரு மாசம் கூட விடாம 10,000 ரூபாய் போட்டிருக்கேன். இப்பதான் 10 லட்சத்தைத் தொட்டிருக்கு. பத்து லட்சத்துக்கே ஆறு வருஷம்னா, ஒரு கோடிக்கு அறுபது வருஷமா? தொண்ணூறு வயசுல கோடி ரூபாயை வெச்சுக்கிட்டு நான் என்னண்ணா பண்ணப் போறேன்?"

இது வெறும் சலிப்பு இல்ல. பின்னாடி ஒரு முடிவு தயாரா இருந்துச்சு. 1.35 கோடியில ஒரு ஃப்ளாட் பார்த்திருக்காங்க. அவரும் மனைவியும் சேர்ந்து வாங்குற சம்பளத்துக்கு ஒரு கோடி வீட்டுக் கடன் கிடைக்கும்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. 75 லட்சத்துக்கு மேல கடன்னா, வீட்டு மதிப்புல 75 சதவீதம் வரைக்கும்தான் கொடுக்கலாம்ங்கறது ரிசர்வ் வங்கி விதி. அதனால கைக்காசு 35 லட்சம் வேணும். மாமனார் வீட்டுல கொஞ்சம், அவர் அப்பா கொஞ்சம், சேமிப்பு கொஞ்சம்னு 25 சேர்ந்துடுச்சு. இடிக்கிறது சரியா 10 லட்சம். எஸ்ஐபி-யில இருக்கிறதும் சரியா 10 லட்சம்.

"உடைச்சிடலாம்னு இருக்கேன், சரிதானேண்ணா?"

சரியா தப்பான்னு நான் உடனே சொல்லல. ஆனா அந்த "அறுபது வருஷம்" என்னை உறுத்துச்சு. பத்து லட்சத்துக்கு ஆறு வருஷம், பத்துப் பத்தா பத்து தடவை, மொத்தம் அறுபது. கேட்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா கணக்கு அப்படிப் போகாது. ஒரு கோடிங்கற எண் எப்படிப்பட்டதுன்னு நம்மள்ல பல பேர் நிதானமா உட்கார்ந்து பார்த்ததே இல்ல. வாங்க, இன்னிக்குப் பார்த்துடலாம். கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா நல்லது.

எண்ணை முதல்ல பிரிச்சுப் பார்ப்போம்

1,00,00,000. ஒண்ணுக்குப் பின்னாடி ஏழு சைபர். நொடிக்கு ஒண்ணுன்னு தூங்காம சாப்பிடாம எண்ணினா, எண்ணி முடிக்கக் கிட்டத்தட்ட 116 நாள். 500 ரூபாய் நோட்டா அடுக்கினா 20,000 நோட்டு. ஒரு நோட்டு 15 செ.மீ. நீளம். வரிசையா தரையில ஒட்ட வெச்சா சரியா மூணு கிலோமீட்டர் போகும். (யாரும் வெச்சுப் பார்க்க வேண்டாம்.)

ஒரு கோடிங்கறது 10-ஐ ஏழு தடவை பெருக்கினது. பத்துன்னா 2 பெருக்கல் 5. அதனால ஒரு கோடிக்குள்ள இருக்கிறது ஏழு 2, ஏழு 5, அவ்வளவுதான். வேற எந்தப் பகா எண்ணுக்கும் அதுக்குள்ள இடம் கிடையாது. மீதியில்லாம அதை வகுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 64. 2-ஐ சைபர்ல இருந்து ஏழு வரைக்கும் எட்டு விதமா எடுக்கலாம், 5-ஐயும் எட்டு விதமா எடுக்கலாம், எட்டெட்டு 64.

இதுல 3 இல்லைங்கறதைக் கவனிங்க. மூணு பிள்ளைகளுக்கு ஒரு கோடியைப் பிரிச்சா ஆளுக்கு 33,33,333 போக ஒரு ரூபாய் மிஞ்சும். 12-க்குள்ள 3 இருக்கு, அதனால மாசக் கணக்குக்கும் கோடிக்கும் ஒட்டவே ஒட்டாது. ஒரு கோடியை 12 மாசத்துக்குப் பிரிச்சாலும் சரி, 20 வருஷத்தோட 240 மாசத்துக்குப் பிரிச்சாலும் சரி, மீதியில்லாம வராது. 240 மாசத்துக்கு மாசம் 41,666 ரூபாய் சொச்சம். வட்டியே இல்லாம, உண்டியல்ல போட்டு 20 வருஷத்துல கோடி சேர்க்கணும்னா மாசாமாசம் அவ்வளவு போடணும். இந்த 41,666-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஒரு கோடியை வகுக்கிற அந்த 64 எண்ணுல 20-ம் ஒண்ணு. அது தினசரி வாழ்க்கையிலயே உதவும். வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு, ஒரு வங்கியில ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான். 2020-ல ஒரு லட்சத்துல இருந்து அதை அஞ்சாக்கினாங்க. ஆக, ஒரு கோடியும் முழுசா காப்பீட்டுக்குள்ள இருக்கணும்னா 20 வங்கியில பிரிச்சுப் போடணும். கோடி வந்த பிறகு வரக்கூடிய தலைவலி இது. நமக்கு இன்னும் அந்தக் கவலை இல்ல, மேல போவோம்.

தினம் ஒரு ரூபாய் கூட்டிப் போடுற கணக்கு

இன்ஸ்டாகிராம்ல ஒவ்வொரு ஜனவரியும் ஒரு சேலஞ்ச் சுத்தும், பார்த்திருப்பீங்க. முதல் நாள் 1 ரூபாய், ரெண்டாம் நாள் 2, மூணாம் நாள் 3. இப்படி 365 நாள் போட்டா வருஷக் கடைசியில 66,795 ரூபாய். கணக்கு சரிதான். இதையே வருஷக் கடைசியில நிறுத்தாம, ஒரு கோடி வர வரைக்கும் போட்டா எத்தனை நாள் ஆகும்?

4,472 நாள். அதாவது 12 வருஷம் மூணு மாசம். 4,471-வது நாள் ராத்திரி கையில 99,97,156 இருக்கும். மறுநாள் தாண்டிடும்.

சரி, 50 லட்சம் எந்த நாள்ல வரும்? பாதிப் பணம்னா பாதி நாள், 2,236-வது நாள்னுதான் மனசு சொல்லும். ஆனா 2,236-வது நாள் கையில இருக்கிறது 25 லட்சம் சொச்சம்தான். 50 லட்சம் வர்றது 3,162-வது நாள். எட்டு வருஷம் எட்டு மாசம் ஓடி பாதி, அடுத்த மூணு வருஷம் ஏழு மாசத்துல மீதிப் பாதி.

3,162-ங்கற எண்ணும் சும்மா வரல. ஒரு கோடிக்கு வர்க்கமூலம் போட்டுப் பாருங்க: 3162.27... இங்கயும் முழு எண் வராது, ஏழுங்கறது ஒற்றைப்படை எண், சைபரைச் சரிபாதியா பிரிக்க முடியாது. அந்த 4,472 எங்கிருந்து வந்துச்சுன்னா, ரெண்டு கோடியோட வர்க்கமூலம் அது. தினம் ஒண்ணு கூடுற வரிசையில, கூட்டுத்தொகை நாளோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி வளரும். அதனாலதான் பாதிப் பணம் பாதி நாள்ல வராம, நூத்துக்கு எழுபதாவது நாளுக்கு மேல தள்ளிப் போகுது.

இந்த சேலஞ்ச்ல இன்னொரு சிக்கல், கடைசி மாசம் நீங்க தினமும் 4,400 ரூபாய்க்கு மேல போடணும். மாசத்துக்கு 1.3 லட்சம். சம்பளம் அதுக்குத் தாங்கணுமே.

இதே மாதிரி தினம் ஒரு ரூபாய் கூட்டாம, தினம் ரெட்டிப்பாக்கினா? சதுரங்கப் பலகையில கட்டத்துக்குக் கட்டம் ரெட்டிப்பாகுற நெல்மணிக் கதை தெரியும்ல, அதேதான். 1, 2, 4, 8. பன்னிரண்டாம் கட்டம் முடியறப்போ மொத்தமே 4,095. பாதி தூரத்துல இருக்கோம்னு சொன்னா யார் நம்புவாங்க? ஆனா உண்மையிலேயே பாதி தூரம்தான், ஏன்னா 24-வது கட்டத்துல மொத்தம் 1,67,77,215. கோடியைத் தாண்டி எங்கேயோ போயிடுது. 22-வது கட்டம் வரைக்கும் கூட 50 லட்சம் வரலைங்கறதையும் பாருங்க, 41,94,303தான். ஒரு கோடியை கம்ப்யூட்டர் மாதிரி 0, 1 மட்டும் வெச்சு எழுதினா 24 இலக்கம் வரும். அந்த 24-ம் இந்த 24-ம் ஒண்ணேதான்.

இப்ப நம்ம தம்பி கணக்கு

மாசம் 10,000. வருஷத்துக்கு 12 சதவீதம், அதாவது மாசம் 1 சதவீதம் வளருதுன்னு வெச்சுக்குவோம். இது யாரும் கேரண்டி கொடுத்த எண் இல்ல. மார்க்கெட் இப்படி நேர்க்கோட்டுல ஏறவும் ஏறாது, நடுவுல ரெண்டு வருஷம் ஒண்ணுமே தராமலும் போகும். கணக்கோட சுபாவம் புரியறதுக்காக மட்டும் இந்த 12.

இருபது வருஷ முடிவுல 99.91 லட்சம். எல்லாரும் "10,000 எஸ்ஐபி, 20 வருஷம், ஒரு கோடி"ன்னு சொல்றது இதைத்தான். நீங்க போட்டது 24 லட்சம். உண்டியல்ல மாசம் 41,666 போட்டு வந்திருக்க வேண்டிய தொகை, 10,000 போட்டு வந்திருக்கு.

ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் எத்தனை மாசம் ஆகுதுன்னு தனித்தனியா பாருங்க. வீடியோவுல இந்த டேபிள் ஸ்க்ரீன்ல வேகமா ஓடிடுச்சு, அதனால இங்க நிதானமா எழுதுறேன். முதல் 10 லட்சம் சேர 70 மாசம். ரெண்டாவது 10 லட்சத்துக்கு 41 மாசம். மூணாவதுக்கு 29. நாலாவதுக்கு 22. இப்படியே குறைஞ்சுக்கிட்டே போய், 90-ல இருந்து 100 லட்சத்துக்குப் போற கடைசி 10 லட்சம் பத்து மாசம் கூட எடுத்துக்காது. 50 லட்சம் எங்க வருது? பதினஞ்சாவது வருஷ முடிவுல. முதல் பாதிக்கு 15 வருஷம், அடுத்த பாதிக்கு வெறும் 5 வருஷம்.

ஆக தம்பி சொன்ன அறுபது வருஷம் தப்பு. அவர் 70 மாசத்தைப் பத்தால பெருக்கிட்டார். ஆனா அந்த 70, வரிசையிலேயே ரொம்ப நீளமான படி.

அதோட இன்னொரு விஷயம். 70-வது மாசத்துல கையில இருக்கிறது 10.17 லட்சம். அதுக்கு ஒரு மாச வளர்ச்சி 1 சதவீதம், 10,170 ரூபாய். அவர் போடுற தவணை 10,000. அதாவது இத்தனை வருஷமா அவர் மட்டும்தான் போட்டுட்டு இருந்தார், பணம் தன் பங்குக்குப் போட்டது அதைவிடக் கம்மி. முதல் மாசம் அது போட்டது நூறே நூறு ரூபாய். அவரும் பணமும் சரிசமமா போட ஆரம்பிக்கிற மாசம் எதுன்னு கணக்குப் போட்டா, அது 70-வது மாசம். அவர் உடைக்கலாம்னு முடிவு பண்ணினதும் அதே மாசம்! 240-வது மாசத்துல பணம் போடுறது கிட்டத்தட்ட 99,000, அவர் போடுறது அதே 10,000.

இதை போன்ல சொன்னதும் மறுமுனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ஹலோ"ன்னேன். "இருக்கேண்ணா, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்"னார்.

இன்னொண்ணும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இந்த 10.17 லட்சத்தை அப்படியே விட்டுட்டு, இனி ஒரு பைசா கூட போடாம மீதி 170 மாசம் காத்திருந்தா அது மட்டுமே 55 லட்சம். உடைச்சிட்டு, நாளையில இருந்து புதுசா அதே 10,000-ஐ 170 மாசம் போட்டா 44.7 லட்சம். முதல்ல போட்ட 7 லட்சம், கடைசியில போடப்போற 17 லட்சத்தை விட அதிகம் சம்பாதிக்குது. நீங்க உடைக்கப் போறது கோடியில பத்துல ஒரு பங்கை இல்ல, பாதிக்கு மேல.

12 சதவீதமே வரலைன்னா? 10 சதவீதம் வந்தா ஒரு கோடிக்கு 22 வருஷம் அஞ்சு மாசம். 8-ன்னா 25 வருஷம் ஆறு மாசம். மார்க்கெட் பக்கமே வேண்டாம்னு சொல்றவங்க பிபிஎஃப் கணக்கைப் பாருங்க: வருஷா வருஷம் ஏப்ரல் ஆரம்பத்துலயே 1.5 லட்சம், 7.1 சதவீதம் மாறாம இருந்தா 25 வருஷத்துல 1.03 கோடி. அதுலயும் 17-வது வருஷ முடிவுல கிட்டத்தட்ட 50 லட்சம்தான் இருக்கும். வட்டி எவ்வளவு குறைஞ்சாலும் சரி, பாதிப் பணம் பாதி வழிக்கு அந்தப் பக்கம்தான்.

கோடிங்கற வார்த்தைக்கு நான் கொடுத்த விலை

தமிழ்ல கோடின்னா கடைசி முனைன்னும் ஒரு அர்த்தம் உண்டு. தெருக்கோடி, கடைக்கோடின்னு சொல்றோம்ல. எனக்கு 25 வயசுல அந்த வார்த்தையைக் கேட்டா அப்படித்தான் இருக்கும், எங்கேயோ தெருமுனையில நிக்கிற பணம்.

அப்ப ஒருத்தர் ஆபீஸுக்கே வந்து ஒரு பாலிசியை விளக்கினார். வருஷம் 1,08,000 ரூபாய், 30 வருஷம், கடைசியில ஒரு கோடி. பேப்பர்ல ஒண்ணு போட்டு ஏழு சைபரை ஒவ்வொண்ணா நிறுத்தி எழுதினார். எனக்கு சைபர்தான் தெரிஞ்சுது, கையெழுத்துப் போட்டுட்டேன். அப்பாவுக்கு போன் பண்ணி "கோடி ரூபாய் பாலிசி எடுத்திருக்கேன்"னு சொன்னேன். அவர் பக்கத்து வீட்டுல வரைக்கும் சொல்லிட்டார்.

ரெண்டு வருஷம் கழிச்சுதான் கணக்குப் போட்டேன். 32.4 லட்சம் கட்டி ஒரு கோடி வாங்கினா வருமானம் ஆறரை சதவீதத்துக்குப் பக்கம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுச்சுன்னா, 30 வருஷம் கழிச்சு வர்ற ஒரு கோடிக்கு இன்னிக்கு மதிப்பு 17.4 லட்சம். அந்த ஏழு சைபரும் அப்படியே இருக்கும், அதை வெச்சு வாங்கற பொருள்தான் குறைஞ்சிருக்கும். கட்டின 2,16,000-ல சரண்டர் பண்ணினப்போ கைக்கு வந்தது 65,000 கூட இல்ல. அப்பா இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்திக் கேட்டதில்ல. எனக்குச் சங்கடம் அதுதான்.

இதே கத்தி எஸ்ஐபி கோடியையும் வெட்டும், மறைக்க வேண்டியதில்ல. 20 வருஷம் கழிச்சு வர்ற ஒரு கோடி, 6 சதவீத விலைவாசியில இன்னிக்கு 31 லட்சத்துக்குச் சமம். அதனால 10,000-லயே நிக்கக் கூடாது. இன்க்ரிமென்ட் வரும்போதெல்லாம் தவணையை வருஷத்துக்கு 10 சதவீதம் ஏத்தினா, அதே 12 சதவீத வளர்ச்சியில 16 வருஷத்துல 1.03 கோடி. நாலு வருஷம் முன்னாடியே.

யாராவது கோடின்னு சொன்னா உடனே சரிபார்க்க எனக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. 72-ஐ வட்டி சதவீதத்தால வகுத்தா, பணம் ரெட்டிப்பாக எத்தனை வருஷம்னு கிட்டத்தட்ட வரும். 12-க்கு 6 வருஷம், 8-க்கு 9, 6-க்கு 12. ஒரு லட்சம் ஒரு கோடியாகணும்னா நூறு மடங்கு, ஏழு ரெட்டிப்புக்குக் கொஞ்சம் கம்மி. பத்தாயிரத்துல இருந்துன்னா ஆயிரம் மடங்கு, பத்து ரெட்டிப்பு. "ஒரு லட்சம் போடுங்க, பத்து வருஷத்துல கோடி"ன்னு டெலிகிராம்ல எவனாவது சொன்னா, ஒண்ணரை வருஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாக்குறேன்னு சொல்றான்னு அர்த்தம். வருஷத்துக்கு 50 சதவீதத்துக்கு மேல. பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாருங்க.

அதே கோடி, கடனா வந்தா

தம்பி கேட்டது எஸ்ஐபி பத்தி மட்டும் இல்லையே. ஒரு கோடி கடன், 8.5 சதவீதம், 20 வருஷம். இஎம்ஐ 86,782. மொத்தம் கட்டுறது 2.08 கோடி, அதுல வட்டி மட்டும் 1.08 கோடி. இது பல பேருக்குத் தெரியும். தெரியாதது, பாதி எங்கன்னுதான்.

முதல் தவணையில 70,833 வட்டிக்குப் போகும், அசல்ல கழியறது 15,949. முதல் வருஷம் முழுக்க 10.41 லட்சம் கட்டினா கடன் குறையறது 1.99 லட்சம். முதல் 142 தவணை வரைக்கும், அதாவது 11 வருஷம் பத்து மாசம், ஒவ்வொரு இஎம்ஐ-லயும் பாதிக்கு மேல வட்டிதான். கடன் 50 லட்சமா குறையறது 166-வது தவணையில. 13 வருஷம் பத்து மாசம் கட்டினாத்தான் பாதிக் கடன் தீரும், மீதிப் பாதி ஆறு வருஷம் ரெண்டு மாசத்துல தீர்ந்துடும்.

எஸ்ஐபி-யில பார்த்த அதே வளைவுதான், கண்ணாடியில தலைகீழா தெரியுது. சேர்க்கிறவங்களுக்கும் பாதி வழி தள்ளிப் போகுது, கடன் கட்டுறவங்களுக்கும் தள்ளிப் போகுது. தம்பி திட்டப்படி பார்த்தா, ஒரு வளைவுல நீளமான படியை ஏறி முடிச்ச அதே நாள்ல அதை விட்டு இறங்கி, இன்னொரு வளைவோட நீளமான படியில முதல் காலை வைக்கிறார்.

வீடு வாங்காதீங்கன்னு நான் சொல்லல. வாடகை, குழந்தையோட ஸ்கூல், அம்மா அப்பா கூட வந்து இருக்கணும்ங்கறது, இதெல்லாம் எக்செல் ஷீட்டுல வராது. கடனைக் குறைச்சா மிச்சமாகுற 8.5 சதவீதம் நிச்சயம், எஸ்ஐபி-யில வரும்னு நாம சொல்ற 12 நிச்சயம் இல்ல. இந்த வித்தியாசத்தையும் அவர்கிட்ட சொன்னேன். வேலை போற பயம் இருக்கிறவர், ஆறு மாசச் செலவுக்குக் கூட கையில பணம் இல்லாதவர்னா என் பதிலே வேற மாதிரி இருந்திருக்கும். ஆனா "அறுபது வருஷம் ஆகும்"ங்கற தப்பான கணக்கை நம்பி உடைக்கிறது வேற, விஷயம் தெரிஞ்சு உடைக்கிறது வேற.

அன்னிக்கு அவர் ஒண்ணும் முடிவு சொல்லல. "வைஃப்கிட்ட பேசிட்டுச் சொல்றேண்ணா"ன்னு வெச்சுட்டார்.

போன வாரம் வாட்ஸ்அப்ல வந்துச்சு. 71-வது தவணை போயிடுச்சாம். 1.35 கோடி ஃப்ளாட்டுக்கு பில்டர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்கல. அவர் மனைவி கொஞ்சம் தள்ளி, 95 லட்சத்துல ரெண்டு பெட்ரூம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்காங்க. கையில இருக்கிற 25 போக கடன் 70 லட்சம் போதும். பதிவுச் செலவுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல. "இஎம்ஐ எவ்வளவுண்ணா வரும்?"னு கேட்டிருந்தார்.

அதே வட்டி, அதே 20 வருஷத்துக்கு 60,748-ன்னு பதில் போட்டேன். ரெண்டு நீல டிக் வந்திருக்கு, பதில் இன்னும் வரல.